ஐந்து மதிப்பெண் போர்வெல்

எங்கள் துறையில் இப்போது பாடம் நடத்தும் இளம் ஆசிரியை போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். பேரியல் பொருளாதாரத்தின் அறிமுகத் தாளில் வகுப்பில் பாதிப் பேர் தோற்றுவிட்டார்களாம். மீதிப் பேர் செல்பேசி எழுதிக் கொடுத்த விடையை மனப்பாடம் செய்து, ஒரே இடத்தில் ஒரே பிழையோடு எழுதித் தேறியிருக்கிறார்கள். துறை மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும், அந்தத் தாளை எப்படி நடத்துவது என்று அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றார். கால் நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்தியவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அதை எப்படித் திருத்தக் கூடாது என்பது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

நான் சேலத்துக்காரி. எம்.ஏ. பொருளாதாரம் முடித்ததும் ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் நான்கு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். பெண் என்பதால் நாற்காலியை விட்டு எழத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அது விலை நிலவரம். நாமக்கல் முட்டை, பரமத்தி வேலூர் வெற்றிலை, வெல்லம், ஜவ்வரிசி, கடைசியில் மேட்டூர் அணை. அணைக்கு நீர்மட்டம், நீர் இருப்பு, வரத்து, திறப்பு என்று தினமும் நான்கு எண்கள் வரும். ஒருநாள் நீர்மட்டத்தையும் வரத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் மேட்டூர் அணை பதினோராயிரம் அடிக்கு நிரம்பியிருந்தது. செய்தி ஆசிரியர் திட்டவில்லை. "இமயமலைக்கு இன்னும் எத்தனை அடி பாக்கின்னு பாத்துச் சொல்லும்மா" என்று மட்டும் கேட்டார். இருப்பும் ஓட்டமும் வேறு வேறு என்பதை நான் கற்றது எம்.ஏ. வகுப்பில் அல்ல, அந்தக் காலையில்தான்.

பிறகு கல்யாணம், திருச்செங்கோடு, அங்கிருந்து நாமக்கல் போகும் வழியில் ஒரு தனியார் கலைக் கல்லூரி. நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். திங்கட்கிழமையே வர முடியுமா என்பது.

துறைத் தலைவர் நல்லமுத்து சார் ஆத்தூர்க்காரர். அவரைப் போல ஒரு மனிதர் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர் பாடம் நடத்தியதே இல்லை. சொல்லிச் சொல்லி எழுத வைப்பார். அவருடைய குறிப்பேட்டின் தாள்கள் டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தன. "தேசிய வருமானம் என்பது கமா ஓர் ஆண்டில் ஒரு நாட்டில் உற்பத்தியாகும் கமா" என்று நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே வாசிப்பார். முதல் ஆண்டுப் பிள்ளைகளில் சிலர் 'கமா'வையும் எழுத்தில் எழுதிவிடுவார்கள். வரைபடம் பென்சிலில், அளவுகோல் வைத்து, சுற்றிலும் கட்டம் போட்டு வரைய வேண்டும். நாற்பத்தைந்து பாகைக் கோட்டுக்குக் கோணமானி கட்டாயம். ஒருமுறை ஒரு மாணவி கையால் வரைந்த கோட்டைக் கோணமானி வைத்து அளந்து, "நாப்பத்தியொண்ணு இருக்கும்மா, நாடு தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தார். சிரிக்காமல்தான் சொன்னார். நகைச்சுவையா கண்டிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அவருக்கு நேர்மாறாக நடத்துவது என்று முடிவு செய்துகொண்டேன். பாடநூலில் ஆப்பிளும் வெண்ணெயும் இருந்த இடமெல்லாம் முட்டையையும் லாரியையும் வைத்தேன். இடைநிலைப் பொருள், இறுதிப் பொருள் நடத்தும்போது, வீட்டுக்கு வாங்கும் முட்டை இறுதிப் பொருள், பேக்கரி வாங்கும் முட்டை இடைநிலைப் பொருள் என்று சொல்லி, நம் விடுதியில் போடும் முட்டை எது என்று கேட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் "அது தேய்மானமுங்க மேடம்" என்றான். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மாலையில் நல்லமுத்து சார் என் மேசைக்கு வந்து, சிரிப்புச் சத்தம் கேட்டதே, பாடம் நடந்ததா என்று விசாரித்தார். நடந்தது என்றேன். "சரி, குறிப்பும் குடுத்துடுங்க மேடம். சிரிச்சத எழுத முடியாது" என்றார்.

அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அவர் குரலில் 'கமா' போட்டுப் பேசிக் காட்டுவது என் தனித் திறமை. என்னைவிடச் சிறியவர்கள் எல்லோரும் ரசித்தார்கள். உள்ளூர் உதாரணம் சொல்லி நடத்துபவள் நான் ஒருத்திதான், அவரெல்லாம் பழைய தாள் என்ற எண்ணம் எனக்கு ஆழமாக இருந்தது. கட்டுரையை மேலே படிக்கிறவர்கள் இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு சரவணன் வந்து சேர்ந்தார். மற்ற மாணவர்களை அவன், அவள் என்றுதான் சொல்வேன். சரவணனை அப்படிச் சொல்ல வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆறு ஆண்டுகள் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு வந்தவர். வயதைப் பற்றியெல்லாம் எங்கள் கல்லூரி அலட்டிக்கொள்வதில்லை, பெஞ்சு நிறைந்தால் சரி. முதல் பெஞ்சில் இடது ஓரம், சுவரை ஒட்டி உட்காருவார். ஆர்வம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ரிக்கின் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று இடது காது போய்விட்டது. அங்கே உட்கார்ந்தால்தான் வலது காது என் பக்கம் இருக்கும்.

அந்த வலது காதும் பாதிதான் என்று சேலத்து மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு பருவம் கம்ப்ரசர் அருகில் நின்றால் அதுவும் போய்விடும். வண்டி முதலாளி சரவணனின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருக்கு ராஜஸ்தான் வரை வண்டிகள் ஓடுகின்றன, திருச்செங்கோட்டில் அலுவலகம் இருக்கிறது. காது விஷயத்தைச் சொன்னதற்கு, அலுவலக நாற்காலி பட்டதாரிக்குத்தான், சொந்தக்காரன் என்று உட்கார வைத்தால் நாளைக்கு இன்னும் ஒன்பது பேர் காதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்றாராம். "டிகிரியக் கொண்டா, சேர்ல உக்காரு. இல்லீன்னா வண்டில ஏறு." இதை எனக்குச் சொன்னபோது சரவணன் குறையாகச் சொல்லவில்லை. மாமா சொன்னதில் நியாயம் இருப்பதாகவே நினைத்தார்.

நன்றாகப் படித்தார். ஒரே ஒரு தாள் சிக்கலாயிற்று. முதல் ஆண்டில் என் தாளின் தேர்வு நடந்த வாரம், ஆள் குறைகிறது என்று மாமா அவரை ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டார். தேர்வு எழுதவில்லை. அடுத்தடுத்த முறையும் ஏதாவது ஒரு வண்டி குறுக்கே வந்தது. கடைசியில் மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தோடு சேர்த்துத்தான் எழுதினார்.

இனி விடைத்தாள் திருத்தும் முகாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் இதை ஏதோ நீதிமன்றம் போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

சேலத்தில் ஒரு கல்லூரியின் பெரிய கூடம். பாடத்துக்கு ஒரு நீள மேசை, மேசைக்கு எட்டுப் பேர். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, கட்டுக்கு இருபது தாள். பெயரும் எண்ணும் உள்ள முகப்பைக் கிழித்துவிட்டுப் பட்டைக்குறி ஒட்டியிருப்பார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம், முதன்மைத் தேர்வாளர் அவற்றில் சிலவற்றை எடுத்துப் பச்சை மையில் சரிபார்ப்பார். பதினொரு மணிக்கு டீயும் போண்டாவும். மூன்றரைக்குள் முடித்தால் கூட்டமில்லாத பேருந்து கிடைக்கும். வேகமாகத் திருத்துவதில் ஒரு பெருமையும் உண்டு. எங்கள் மேசையில் ஒருவர் தாளைக் கையில் எடுக்கும்போதே எடையை வைத்து மதிப்பெண் சொல்லிவிடுவார் என்று கேலி செய்வோம். நான் அவ்வளவு மோசமில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

பிள்ளைகளும் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. தெரியாத கேள்விக்கு வெற்றுத்தாள் வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பணவீக்கம் பற்றிய கேள்விக்குக் கோழிக் குழம்பு வைக்கும் முறை முழுதாக இருந்தது. உப்பு வரை. வணிகச் சுழற்சிக்கு ஒரு சினிமாக் கதை, இடைவேளையோடு. இவற்றை அடையாளம் கண்டு தாண்டிப் போவதுதான் அனுபவம் என்று நாங்கள் நம்பினோம்.

முகாமின் முதல் நாள் நல்லமுத்து சார் விடைக்குறிப்பை வாசித்தார். எங்கள் பாடத்துக்கு அந்த முறை அவர்தான் தேர்வு வாரியத் தலைவர். கமாவோடு வாசித்தார். நான் பையில் பேனா தேடினேன், பக்கத்தில் இருந்தவரிடம் பேருந்து நேரம் கேட்டேன், அவர் குரலை மெதுவாக ஒருமுறை நடித்தும் காட்டினேன்.

தேர்வு முடிவு வந்தது. சரவணன் எல்லாவற்றிலும் தேறியிருந்தார், என் தாளைத் தவிர. எழுபத்தைந்துக்கு முப்பது வேண்டும். இருபத்தாறு.

விதிப்படி முதலில் விடைத்தாளின் நகல் கேட்டு வாங்க வேண்டும். பிறகு பாட ஆசிரியர் ஒருவர் அதைப் படித்து, எந்தக் கேள்விக்கு ஏன் கூடுதல் மதிப்பெண் தரலாம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டால்தான் மறுமதிப்பீடு. சரவணன் நகலோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். அடுத்த புதன்கிழமை ராஜஸ்தானுக்கு வண்டி கிளம்புகிறது, அதில் என் பெயரையும் மாமா எழுதிவிட்டார் என்றார். நான் அவருக்கு நாற்காலி கொடுத்தேன். என் வலது பக்கம் அவர் இடது காது வந்துவிட்டதால் எழுந்து நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாலாவது கேள்வியப் பாருங்க மேடம். அஞ்சு மார்க்கு. பூஜ்யம் போட்டிருக்குது."

இருப்பு, ஓட்டம் வேறுபடுத்துக. நான் மேட்டூர் அணையை வைத்து நடத்திய பாடம். அவர் அணையை எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார். 'ஒரு காட்டில் ஆறரை இஞ்சு போர் போடும்போது மண் சரியாமல் இருக்க முதலில் கேசிங் பைப் இறக்க வேண்டும்' என்று தொடங்கியது விடை. (காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம்.) பக்கத்தின் அடி வரை குழி, பைப், பாறை. தாளைத் திருப்பினால் விஷயம் இருந்தது. குழியில் நூறடி தண்ணீர் நின்றால் அது இருப்பு, இந்த நேரத்தில் இவ்வளவு என்று சொன்னால் போதும். அதை இறைத்த பிறகு மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் ஓட்டம், கால அளவு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நிற்கும் தண்ணீரை மட்டும் பார்த்துப் பெரிய மோட்டார் வாங்கியவர்கள் பத்தாவது நிமிடம் காற்றை இறைத்ததைத் தாமே பார்த்திருப்பதாக ஒரு வரி. அதுபோலச் சொத்து இருப்பு, வருமானம் ஓட்டம். இவ்வளவும் எழுதியிருந்தார்.

என் ஆசிரியப் பணியில் அந்தக் கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் படித்ததில்லை. உற்சாகமாகிவிட்டேன். இதற்குப் பூஜ்யம் போட்டவனுக்கு முதலில் யார் பட்டம் கொடுத்தது என்றேன்.

"பக்கத்தத் திருப்பியே பாத்திருக்க மாட்டானுங்க மேடம்," என்றார் சரவணன். "அந்த ஆளக் கொண்டு போயி ஒரு வாரம் கம்ப்ரசர்கிட்ட நிறுத்தோணும்."

நிறுத்த வேண்டியதுதான் என்றேன். சொல்லிக்கொண்டே முன்பக்கத்தை மறுபடி பார்த்தேன். விடையின் குறுக்கே ஒரு கோடு, கோட்டின் முனையில் வாலைச் சுருட்டிய ஒரு வளையம், ஓரத்தில் 'தொடர்பில்லை'. நகலில் சிவப்பு கறுப்பாகியிருந்தது. ஆனால் அந்த வளையத்தைப் பொருளாதார ஆசிரியர்கள் போட மாட்டார்கள். அச்சுப்படி திருத்துகிறவர்கள் ஒரு வரியை நீக்கச் சொல்லிப் போடும் குறி அது. நாளிதழில் நான்கு ஆண்டுகள் தினமும் போட்டது, கையை விட்டுப் போகவில்லை. அந்த மேசையில் இருந்த எட்டுப் பேரில் அதைப் போடுகிறவள் ஒருத்திதான்.

சரவணனின் கையெழுத்து எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். அவர் என் வகுப்பில் இருந்த ஆண்டு உள்தேர்வுகளைச் செல்பேசிப் படிவத்தில், கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளாக நடத்தினோம். அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. இது காரணம்தான். சமாதானம் அல்ல.

படிவத்தை வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நல்லமுத்து சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நகலை வாங்கி, இரண்டு பக்கமும் படித்து, அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அந்த முகாமின் விடைக்குறிப்பு. ஒரே தாள், இருபுறமும் அச்சு.

"நீங்க பின்பக்கம் பாத்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை. பின்பக்கத்தில் கடைசி வரி இது: பதினான்காம் வினாவுக்கு மாணவர் தம் வட்டார வழக்கிலிருந்து தரும் எடுத்துக்காட்டு எதுவாயினும், கருத்து சரியாக இருப்பின், முழு மதிப்பெண் தரலாம். கமாக்கள் சரியான இடத்தில் இருந்தன. எழுதியவர் அவர்.

"நீங்க அணைய வெச்சு நடத்துறீங்கன்னு தெரியும். உங்க பிள்ளைங்க அடி வாங்கக் கூடாதுன்னுதான் சேத்தேன்," என்றார். குத்திக் காட்டும் குரல் அல்ல. வருகைப்பதிவு வாசிக்கும் குரல். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு நடைமுறையைச் சொன்னார். திருத்தியவர் யார் என்பது ரகசியம். நான் வாய் திறக்கத் தேவையில்லை. பரிந்துரையை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுமதிப்பீட்டுக்குப் போய்விடும், விஷயம் முடிந்தது. முடிவு வர ஒரு மாதம் ஆகும், அவ்வளவுதான். நான் இரண்டு விஷயங்கள் கேட்டேன். புதன்கிழமை வண்டி கிளம்பினால் அந்த ஒரு மாதத்தில் காது என்ன ஆகும் என்பது ஒன்று. அந்த முகாமில் நான் திருத்திய மற்ற இருநூறு சொச்சம் தாள்களில் எத்தனை பக்கத்தைத் திருப்பாமல் விட்டேனோ, அதற்கு என்ன வழி என்பது இன்னொன்று. முதலாவது துறை சம்பந்தப்பட்டதல்ல என்றார். இரண்டாவதற்கு விடைக்குறிப்பைக் கோப்பில் திருப்பி வைத்துவிட்டு, "எழுதிக் கேளுங்க" என்றார்.

பல்கலைக்கழகத்தின் தேர்வு நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். இன்ன முகாமில் இன்ன மேசையில் நான் திருத்திய கட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும், நான் கவனக் குறைவாகத் திருத்தினேன் என்று. நல்லமுத்து சார் அதை வாங்கிப் படித்து ஓர் இடத்தில் கமா சேர்த்துக் கொடுத்தார். சரவணனின் படிவத்தில் பரிந்துரையையும் அவரே எழுதிக் கையெழுத்திட்டார்.

செவ்வாய்க்கிழமை திருச்செங்கோட்டில் ரிக் அலுவலகத்துக்குப் போனேன். முதலாளியைத் தனியாகப் பார்த்துப் பேசுவது என் திட்டம். அலுவலகத்தில் முதலாளி, இரண்டு டிரைவர்கள், டீ கொண்டு வந்தவர், மூட்டை முடிச்சோடு சரவணன் என்று எல்லோரும் இருந்தார்கள். சரவணன் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்க டீச்சர்," என்றார் முதலாளி. "பையன் படிப்பப் பத்திங்களா? அதான் ஊத்திக்கிச்சே."

மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறது, ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றேன். இப்படி எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்பது போல அவர் தலையை ஆட்டினார். வேறு வழி தெரியவில்லை.

"தப்பு அவர் மேல இல்லீங்க. அந்தத் தாளத் திருத்தினது நான்தான். பக்கத்தத் திருப்பாம பூஜ்யம் போட்டுட்டேன்."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "பாடம் நடத்துனது?"

"அதுவும் நான்தான்."

"நீங்களே நடத்தி, நீங்களே பெயிலாக்கிப் போட்டீங்களா?"

யார் தாள் என்று தெரியாது என்று விளக்கினேன். அவருக்கு அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. சரவணன் என் வலப்பக்கம், இடது காதை என்னிடம் காட்டியபடி நின்றிருந்தார். எதுவும் கேட்டிருக்கவில்லை. "என்னங்க மாமா?" என்றார். முதலாளி எழுந்து வந்து அவருடைய வலது காதருகில், கம்ப்ரசர் ஓடும்போது பேசும் குரலில் சொன்னார்:

"உன்ற டீச்சரேதாண்டா உனக்கு முட்டை போட்டாங்களாமா!"

தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். டிரைவர்களில் ஒருவர் டீயைத் துப்பிக்கொண்டார். சரவணன் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது, என் மேல் கோபத்தால் அல்ல.

"அன்னைக்கு நான் அப்பிடிப் பேசீட்டனுங்களே மேடம்."

"சரியாத்தான் பேசினீங்க."

அவர் கொஞ்ச நேரம் மூட்டையின் கயிற்றை இறுக்கினார், ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. பிறகு சொன்னார். "ராயச்சூர்ப் பக்கம் ஒரு குழிங்க மேடம். அறுநூறு அடி போயும் புழுதிதான் வந்துச்சு. காஞ்ச குழின்னு ராடக் கழட்டீட்டு வந்துட்டோம். அடுத்த மாசம் வேற வண்டிக்காரன் அதே குழில இன்னும் இருவதடி எறக்கி, தண்ணி எடுத்துப்போட்டான்."

"அந்தக் காட்டுக்காரர்கிட்டப் போய்ச் சொன்னீங்களா?"

"எங்கீங்க போறது. அந்தப் பக்கம் வண்டி போனா அவரு காட்டத் தாண்டோணும்னு ஏழு மைல் சுத்திப் போவமுங்க."

முதலாளிக்கு இந்தக் குழி விஷயம் அதுவரை தெரியாது போலிருக்கிறது. சரவணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நாளைய வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "ஒரு மாசந்தானுங்க டீச்சர். மார்க்கு வரலீன்னா அடுத்த வண்டில ஏத்தி உட்டுருவேன். அப்பறம் காலேஜே தெரண்டு வந்து நின்னாலும் கேக்க மாட்டேன்." அதுவரை சும்மா இருக்க வேண்டாம், அலுவலகத்தில் போனை எடுக்கட்டும் என்றார்.

அந்த ஒரு மாதம் ஐந்து வாரமாயிற்று. கடைசி வாரத்தில் முதலாளி எனக்குத் தினமும் ஒரு முறை போன் செய்து, "மார்க்கு வந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். என் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கும் நான் அப்படி விழித்திருந்ததில்லை. முடிவு வந்தபோது நல்லமுத்து சார்தான் முதலில் பார்த்தார். பதினான்காம் கேள்விக்கு நான்கு. மொத்தம் முப்பது.

ஐந்தில் ஒன்றை ஏன் குறைத்தார்கள் என்று கேட்டேன். வரைபடம் போட்டிருக்கலாம் என்றார் அவர்.

தேர்வு நெறியாளரிடமிருந்தும் எனக்குப் பதில் வந்தது. மாணவர் விண்ணப்பிக்காமல் விடைத்தாளை மறுபடி பார்க்க விதிகளில் இடமில்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி. அந்தக் கட்டுகளில் வேறு யாராவது ஒரு பிள்ளை கோழிக் குழம்புக்குப் பின்பக்கத்தில் சரியான விடை எழுதியிருந்ததா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு ஆணை வந்தது. பணி மூப்பின் அடிப்படையில் என்னை முதன்மைத் தேர்வாளராக நியமித்திருந்தார்கள். பச்சை மைப் பேனா வாங்கிக்கொண்டு போனேன். அந்த முகாமில் எங்கள் மேசை ஒருநாள்கூட மூன்றரைப் பேருந்தைப் பிடிக்கவில்லை. என் குரலில் யாரோ பேசிக் காட்டியதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். நன்றாகத்தான் செய்தார்களாம்.

சரவணனைப் போன வாரம் பார்த்தேன். கட்டுரைக்காகத்தான் போனேன். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்க வேண்டுமே. அலுவலகத்தில் மேசை, நாற்காலி, மூன்று செல்பேசிகள். அலுவலக வேலை என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கெங்கோ நிற்கும் வண்டிகளிலிருந்து நாள் முழுக்க அழைப்பு வருகிறது. எத்தனை அடி, எந்தப் பாறை, எவ்வளவு தண்ணீர் என்று கத்துகிறார்கள், பின்னால் கம்ப்ரசர் ஓடுகிறது. எந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்க மூன்று ஆண்டுகள் படித்தாரோ, அதையே காதுக்குள் விட்டுக்கொள்ளும் வேலைக்குத்தான் நாங்கள் பட்டம் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் அவர் அழைப்பை எடுத்ததும் போனைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல கம்ப்ரசர ஆப் பண்ணு, அப்பறம் பேசு" என்றார். சற்று நேரம் காத்திருந்தார். சத்தம் இறங்கி நின்றது. அதன் பிறகுதான் காதில் வைத்தார். எல்லா வண்டிக்கும் இதுதான் விதியாம்.

உள்ளறையிலிருந்து முதலாளி என்னைப் பார்த்து முறையிட்டார். "பாருங்க டீச்சர், இவன் பேசறதுக்கு ஒவ்வொரு வண்டியும் தெனம் முக்கா மணி நேரம் நிக்குது. டிகிரி படிச்ச புத்திங்களா இது?"

சரவணன் அதற்கான பதிலை எனக்குச் சொன்னார்.

"அங்க நிக்கறவனுக்கும் ரெண்டு காது இருக்குதில்லீங்க மேடம்."

அந்த முக்கால் மணி நேர உற்பத்தி நாட்டு வருமானத்தில் குறையத்தான் வேண்டும். எவ்வளவு குறையும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.